துண்டுக்கு அடியில் ஒரு பத்தாம் வகுப்பு

பிரெசில்லாவின் பத்தாம் வகுப்புக்கு விலை ஒரு தையல் மிஷின். மோட்டார் பொருத்தியது, மேசையோடு சேர்ந்தது, பாம்பனில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கித் தருவது. ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போய் விலை போடுவார்களா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சந்தைக்கு வந்துவிட்டால் எதற்கும் விலை உண்டு. விலையைச் சொல்ல வாய் கூசுகிற பெரிய மனிதர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பதால்தான் தரகன் என்று ஒருவன் பிழைக்கிறான்.

இந்த விலையைப் படியவைத்தவர் பாண்டித்துரை. ராமேஸ்வரம் தீவுக்குள் உப்புமேட்டுத் தெரு நகராட்சி மேல்நிலைப் பள்ளியின் உதவித் தலைமை ஆசிரியர். அந்தப் பதவி என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தலைமை ஆசிரியருக்கு அறை இருக்கிறது, ஆசிரியருக்கு வகுப்பு இருக்கிறது, உதவித் தலைமை ஆசிரியருக்கு இருப்பது வராண்டா. கழிப்பறையில் தண்ணீர் வராததிலிருந்து, சத்துணவில் முட்டை குறைந்தது, இரண்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் லீவு கேட்பது, கவுன்சிலர் தன் பிறந்தநாளுக்குப் பள்ளிச் சுவரில் பேனர் கட்டியது வரை எல்லாம் அந்த வராண்டாவில்தான் வந்து நிற்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் உறை போட்டு மூடிவைப்பார்கள்.

பாண்டித்துரைக்கு இந்த இடி புதிதல்ல. கமுதியில் அவருடைய அய்யா மிளகாய்க் கமிஷன் கடையில் தரகர். முண்டு வத்தல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காலத்தில் விவசாயி ஒரு பக்கமும் வியாபாரி ஒரு பக்கமும் நிற்க, நடுவில் அய்யா நிற்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வியாபாரியின் கைமேல் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார். எந்த விரல் எத்தனை மடிந்தது என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். பிறகு அதே துண்டு விவசாயியின் கைமேல். அங்கே வேறு விரல். கடைசியில் துண்டை எடுத்து ஓர் உதறு உதறினால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு மழை பெய்தாலும் விலை சரிந்தாலும் பேச்சு மாறாது. விலையை வாயால் சொல்பவன் தரகன் இல்லை, தண்டோராக்காரன் என்பார் அய்யா.

மகன் பி.எட். முடித்துக் கணக்கு வாத்தியாராகி, உதவித் தலைமை ஆசிரியராகவும் ஆனபோது துண்டு மட்டும்தான் மாறியது. சண்டை போட்ட இரண்டு பையன்களின் அப்பன்மார்களைத் தனித்தனியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு பேருமே தான் ஜெயித்ததாக நினைத்து வீட்டுக்குப் போகும்படி அனுப்பிவைப்பார். இருபது வருடங்களில் எந்தப் பெற்றோரிடமும் ஓர் அசிங்கமான வார்த்தையை அவர் வாயால் சொன்னதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

போன வருடம் உதவித் தலைமை ஆசிரியர்களுக்கெல்லாம் ராமநாதபுரத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி என்று வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் ஆளுக்கொரு சார்ட் தாளும் கலர் பேனாவும் கொடுத்து, நீங்கள் வளர்ந்த பின்னணி என்ன, அதிலிருந்து எடுத்துக்கொண்ட தலைமை விழுமியம் என்ன, எழுதுங்கள் என்றார். முக்கால்வாசிப் பேர் நேர்மை, உழைப்பு, நேரம் தவறாமை என்று எழுதிவிட்டு வடை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தார்கள். பாண்டித்துரை, ‘மிளகாய்க் கடை. இரண்டு பேருக்கும் நட்டமில்லாமல் முடித்துவைப்பது’ என்று எழுதினார். பக்கத்தில் அதே பள்ளியின் மேல்நிலைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஹெலன் டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பாம்பனில் மீன்பிடிப் படகு ஓட்டியவரின் மகள் அவர். தன் தாளில், ‘மீன்பிடி போட்டு. ஏறிய தலை எத்தனையோ, இறங்கிய தலையும் அத்தனை’ என்று எழுதியிருந்தார்.

இனி சங்கதிக்கு வருவோம்.

உப்புமேட்டுப் பள்ளியின் தலைமை ஆசிரியை மகேஸ்வரிக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வேண்டியிருந்தது. ஆசைக்காக அல்ல. வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் தனியார் பள்ளிகள் தீவுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆறாம் வகுப்பில் பிள்ளை குறைந்தால் ஒரு பிரிவு போகும், பிரிவு போனால் இரண்டு ஆசிரியர்கள் உபரியாவார்கள், உபரியானவர்களை எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று தெரியாது. வாசலில் ‘100% தேர்ச்சி’ என்று ஒரு பிளக்ஸ் கட்டினால் ஜூனில் நாற்பது பிள்ளைகள் கூடுதலாக வரும் என்பது அந்த அம்மாளின் மதிப்பு. மதிப்பு தப்பில்லை.

குறுக்கே நின்றது பிரெசில்லா மட்டும். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் தலையைக் காட்டவில்லை. அப்பா சவேரியார் மங்களூர்ப் பக்கம் போட்டுக்குப் போனவர். அம்மா மிக்கேலம்மாள் பாம்பனில் கருவாடு காயவைத்து விற்பவள். மகள் கருவாட்டுக்குக் காக்கை விரட்டுவதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதுமாக இருந்தாள். அரையாண்டுத் தேர்வுக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவந்து எழுதவைத்ததில், ஐந்து பாடங்களையும் கூட்டினால் ஒரு பாடம் பாஸாகலாம் போல இருந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. பெற்றோர் தாங்களாக விரும்பி டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக்கொடுத்தால், பள்ளியின் கணினிப் பட்டியலிலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்துக் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்பில் போட்டுவிடலாம். வேறு பள்ளி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். பெற்றோர் விரும்ப வேண்டும் என்பதுதான் ஒரே சிக்கல். விரும்பவைப்பது உதவித் தலைமை ஆசிரியரின் வேலை.

“கடல் புள்ளயக் கொண்டுபோயிப் பொதுக் கொளத்துல விடப் போறீகளாக்கும்” என்றார் ஹெலன், சங்கதி காதில் விழுந்ததும்.

“நான் யாரையும் எங்கனயும் விடல டீச்சர். ரெண்டு பக்கமும் நட்டமில்லாம முடியுதான்னு பாக்குறேன்” என்றார் பாண்டித்துரை.

அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. கமுதியில் ஓர் உதவித் தலைமை ஆசிரியர் இடம் திடீரென்று காலியாகியிருந்தது. பாண்டித்துரை தீவுக்கு வந்து ஆறு வருடங்கள். மனைவி முத்தழகு கமுதியில் தனியாக வீட்டையும் படுத்துவிட்ட மாமியாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இங்கே ஒரு வாடகை அறையில் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஃபேனுக்குக் கீழே கிடந்தார். புதுப் பாலத்தைக் கப்பலுக்காகத் தூக்குவதையும் ரயிலுக்காக இறக்குவதையும் பார்க்க ஊரெல்லாம் கூடும். தூக்கினால் என்ன, இறக்கினால் என்ன, அவர் அந்தப் பக்கம் போக ஆர்டர் வேண்டும். ஆர்டருக்குத் தலைமை ஆசிரியையின் தடையில்லாக் கடிதம் வேண்டும். மகேஸ்வரி கெட்டவர் இல்லை. கடிதத்தை டைப் செய்யச் சொல்லி மேசையில் வைத்துக்கொண்டே, இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள் சார் என்றார்.

பாண்டித்துரை சரக்கைத் தேடினார். பள்ளியின் பழைய மாணவர் நவ்ஷாத், பஜாரில் வீட்டு உபயோகப் பொருட்கள் கடை வைத்திருப்பவர். வாப்பாவின் நினைவாக வருடத்துக்கு ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தையல் மிஷின் கொடுப்பது அவர் வழக்கம். இந்த வருடப் பெண்ணைப் பாண்டித்துரை கைகாட்டினார். எதற்கு என்று நவ்ஷாத் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பாம்பனுக்குப் போனார். கருவாடு காய்கிற மணலில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின்மேல் அவரை உட்காரவைத்துவிட்டு, கையிலிருந்த வேலையை விடாமல் மிக்கேலம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள்.

“என்னா சார், மீனு வாங்க வந்தீகளா, புள்ளய வாங்க வந்தீகளா?”

பாண்டித்துரைக்கு அந்தக் கேள்வியிலேயே ஒரு மரியாதை பிறந்துவிட்டது. ஆள் வியாபாரம் தெரிந்தவள். அவர் காற்றைப் பற்றிப் பேசினார், நெத்திலி வரத்தைப் பற்றிக் கேட்டார், பெண் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருந்தால் நாளைக்கு ஒருத்தன் வீட்டில் தலைகுனிய வேண்டியதில்லை என்றார், பள்ளிக்கூடமே பார்த்து ஒரு மிஷின் தருகிறது என்றார். காலால் மிதிக்கிறதா, மோட்டாரா என்று கேட்டாள் அவள். மிதிக்கிறதுதான் என்றார். அவள் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். மோட்டார் என்றார். மேசை? மேசையும் சேர்த்து. அதை யார் தூக்கிவருவது, பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களே என்றாள். வாசலில் இறக்கித் தரப்படும் என்றார். இவ்வளவும் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“செரி. நான் என்ன செய்யணும்?” என்றாள் மிக்கேலம்மாள்.

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். ‘டி.சி. கேட்டு ஒரு கையெழுத்து’ என்று நாலு வார்த்தை. ஆனால் அய்யாவின் பிள்ளைக்கு அது துண்டை விலக்கி விரலைக் காட்டுவது போல.

“அத நான் வேற வாயத் தெறந்து சொல்லணுமாக்கும். ஒங்களுக்குத் தெரியாததா” என்றார்.

அவள் கையில் ஒட்டிய மணலை உதறினாள். “தெரியும் சார். நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

மிஷின் வந்து இறங்கியதும் திங்கட்கிழமை ஒரு நடை பள்ளிக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்த பாண்டித்துரை, கழுத்து வியர்வையைத் துடைத்த கைக்குட்டையைப் பழக்கதோஷத்தில் ஓர் உதறு உதறி மடித்துப் பையில் வைத்தார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கமுதிக்கு என்னென்ன எடுத்துப்போவது, அந்த ஃபேனை யார் தலையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே மிக்கேலம்மாள் வந்துவிட்டாள். தனியாக இல்லை. தலைநிறைய எண்ணெய், இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை, சலவை செய்த சீருடை, தோளில் தம்பியுடைய பழைய பை. பிரெசில்லா.

“இந்தா சார், ஒங்க புள்ள” என்று மகளை அவர் பக்கமாக நகர்த்தினாள் மிக்கேலம்மாள். “மிஷினு நேத்து வந்துருச்சு, நல்ல சாமான். இனி ஒரு நா வரலேன்னாலும் எனக்கு ஒரு போனு போடுங்க, காலை ஒடிச்சு ஆட்டோவுல அனுப்பி வைக்கிறேன். வாங்கிட்டு ஏமாத்துற குடும்பம் இல்ல நாங்க.”

பாண்டித்துரைக்கு என்ன நடந்தது என்று உடனே பிடிபடவில்லை. பிரெசில்லா நேராகப் போய் முதல் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் பிடிபடவில்லை. ஹெலன் டீச்சர்தான் வராண்டாத் தூணில் சாய்ந்தபடி, முகத்தை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டு விளக்கினார். பாம்பனில் போட்டுக்காரர் சீசனுக்கு முன்பே கடலுக்கு வரும் ஆட்களுக்கு முன்பணமோ பொருளோ கொடுத்துப் பிடித்துவைப்பார். வாங்கிய ஆள் அந்த சீசன் முழுக்க அந்தப் போட்டில்தான் ஏற வேண்டும், வேறு போட்டை ஏறிட்டும் பார்க்கக் கூடாது.

“வாங்குனவனுக்கு மட்டும்தான் கட்டுன்னு நெனைச்சுறாதீக சார். குடுத்தவனும் அவனைக் கரையில நிறுத்த முடியாது. நோஞ்சானோ நோயாளியோ, ஏத்தித்தான் ஆகணும். நிறுத்துனா ஊரே கேக்கும். மிஷினைக் குடுத்தீக. நீங்க குடுத்துப் பிடிச்ச ஆளு இப்ப முத பெஞ்சுல ஒக்காந்துருக்கு.”

“அந்தம்மா நெசமாவே அப்படித்தான் நெனைச்சுச்சா, இல்ல...”

“அதைப் போயிக் கேக்கப் போறீகளா?” என்றார் ஹெலன்.

கேட்க முடியாது. முடிந்த வியாபாரத்தில் எதிராளி மனதுக்குள் என்ன நினைத்தான் என்று கேட்பது அங்காடி மரியாதை இல்லை. அவள் ஏமாந்தாளா, இவரை ஏமாற்றினாளா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கதவைச் சாத்த ஒருவர் போதாதென்று பத்து மணிக்கு நவ்ஷாத் தாழ்ப்பாளும் போட்டார். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரு படம் சுற்றியது: மிஷினுக்கு இந்தப் பக்கம் மிக்கேலம்மாள், அந்தப் பக்கம் பிரெசில்லா, நடுவில் நவ்ஷாத்தின் புது வெள்ளைச் சட்டை. கீழே, ‘கல்வியைத் தொடரும் ஏழை மாணவிக்குத் தையல் இயந்திரம். ஏற்பாடு: உதவித் தலைமை ஆசிரியர் திரு. பாண்டித்துரை அவர்கள்.’ கவுன்சிலர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

மகேஸ்வரி அவரை அழைத்துப் போனைக் காட்டினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது செய்திருக்கலாம்.

“அந்தம்மாகிட்ட நேராச் சொல்லலையா சார்?”

“நேராச் சொன்னா அசிங்கமா இருக்கும் மேடம்.”

“இப்ப நல்லா இருக்கா?”

மகேஸ்வரி கையெழுத்து போட வேண்டிய தடையில்லாக் கடிதம் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் படபடத்தது. வெள்ளிக்கிழமை பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் முடிகிறது, அதற்குள் டி.சி. வேண்டும், இந்த முறை வாயைத் திறந்து கேட்டு வாங்குங்கள் என்றார் அவர். பட்டியலில் பெயர் ஏறினால் அந்தப் பெண் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினால் விழும், விழுந்தால் பிளக்ஸ் இல்லை. யார் வீட்டு அடுப்பு அணையும் என்று அவர் இரண்டு இளைய ஆசிரியர்களின் பெயரைச் சொன்னார். ஒருத்திக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அதுவும் பொய் இல்லை.

பாண்டித்துரை இரண்டு நாட்களாகப் பாம்பன் பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டுப் போய்விட்டுத் திரும்பினார். கொடுத்த மிஷினைத் திரும்பக் கேட்பதா? கேட்டால் படம் இருக்கிறது. மிஷினை வைத்துக்கொள், பிள்ளையைக் கூட்டிப்போ என்பதா? எதற்குக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டால், கருவாட்டுக் களத்தில் நாலு பேர் முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் போனால் மிக்கேலம்மாள், அந்தப் பக்கம் போனால் மகேஸ்வரி, எந்தப் பக்கமும் போகாமல் நின்றால் கடல். இரவில் முத்தழகு போனில், பரணை ஒழித்து உங்கள் புத்தகத்துக்கு இடம் பண்ணிவிட்டேன் என்றாள். நல்லது என்றார்.

வியாழக்கிழமை சாயந்திரம், அம்மாவைவிடப் பிள்ளையிடம் சொல்வது சுலபம் என்று ஒரு கோழையின் கணக்கைப் போட்டார். பள்ளி விட்டதும் பிரெசில்லாவை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார். படிப்பு என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது என்று ஆரம்பித்தார்.

பிரெசில்லா குறுக்கே பேசினாள். அவள் அம்மாவைப் போலவே கண்ணைப் பார்த்து.

“சார், அந்த மிஷினுக்கு எத்தன பாடம் பாஸாகணும்?”

“என்னது?”

“இல்ல சார், அம்மா வெவரமாச் சொல்லல. வாங்கியாச்சு, ஒழைச்சுக் கழிச்சுரணும்னு மட்டும் சொல்லுச்சு. மூணு பாஸானாப் போதுமா, நாலா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன படிப்பேன்ல.”

கேலி இல்லை. சந்தையில் நிற்கிறவள் எடை என்ன என்று கேட்பது போலக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் பதினொன்று, கணக்கில் ஒன்பது. அவளை வேண்டாமென்று தள்ளிவிட ஓர் ஆள் பஸ் ஏறி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தன்னை விலை கொடுத்துக் கேட்டு ஓர் ஆள் வந்தது மட்டும்தான் தெரிந்திருந்தது. அப்படி இதற்கு முன்னால் யாரும் அவளைக் கேட்டு வந்ததில்லை போல.

“அஞ்சுலயும்” என்றார் பாண்டித்துரை.

சொல்லிவிட்டுத்தான் தன் குரலை அவரே கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாக விலையை வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

“அஞ்சுமா? கூடத்தான் சார் இருக்கு” என்றாள் பிரெசில்லா. “செரி, பாப்போம்” என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு அவருக்கு அய்யா நினைவுக்கு வந்தார். துண்டுக்கு அடியில் பிடித்த விரலை விவசாயி ஒரு விதமாகவும் வியாபாரி ஒரு விதமாகவும் சொல்லித் தகராறு வந்துவிட்டால், மண்டியில் அதற்கு ஒரு தீர்ப்பு இருந்தது. விவசாயிக்கும் நட்டமில்லை, வியாபாரிக்கும் நட்டமில்லை. சரக்கைத் தரகன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் அய்யா அப்படி எடுக்க நேர்ந்து, வீட்டு நடையிலிருந்து அடுப்படிவரை வத்தல் மூட்டை அடுக்கி, பங்குனி பூராவும் வீட்டில் எல்லோரும் தும்மிக்கொண்டே தூங்கினார்கள். அய்யா ஒரு வார்த்தை முனகவில்லை. விரலைச் சரியாகப் பிடிக்காதது யார் குற்றம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பாண்டித்துரை தலைமை ஆசிரியையின் முன்னால் நின்று, டி.சி. வராது மேடம், பெயரை ஏற்றிவிடுங்கள் என்றார். மகேஸ்வரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு, தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்கலாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்.

“நீங்க இப்படி எழுதிக் குடுத்துட்டுக் கமுதிக்குப் போயிட்டா, நான் யாரைப் பிடிக்கிறது சார்?”

“போகல மேடம்.”

“நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.”

“இல்ல மேடம். இது எங்க ஊரு மொறை.”

கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்த கடிதத்தை மகேஸ்வரி எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. கிழிப்பதற்கு அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கமுதி இடத்துக்குப் பத்து நாளில் வேறொருவர் வந்து சேர்ந்தார். முத்தழகு போனில் அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தார். அவள் அழவில்லை. சரி, பரணில் விறகை ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அழுதிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு போட்டில் பிடித்துவைத்த ஆள் யார், பிடித்த ஆள் யார் என்பதே குழம்பிப் போனது. சாயந்திரம் மணி அடித்ததும் பிரெசில்லா வராண்டாவில் தயாராக உட்கார்ந்திருப்பாள். அவள் பஸ் ஏறும்வரை பாண்டித்துரை அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. பின்னம் என்றால் அவளுக்குக் கசப்பு. ஒரு கூடைச் சாளை மீனை நாலு பங்காக, அதில் ஒரு பங்கை மூன்றாகப் போடு என்றால் நொடியில் போட்டுவிடுவாள், அதையே தாளில் எழுது என்றால் பேனாவைக் கடிப்பாள். ஆங்கிலத்தை ஹெலன் எடுத்துக்கொண்டார். நெத்திலி அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் அவள் பெஞ்ச் காலியாக இருக்கும். பாண்டித்துரை போன் போட்டால் மத்தியானத்துக்குள் மிக்கேலம்மாள் செதில் அப்பிய கையோடு அவளை இழுத்துவந்து விட்டுப்போவாள். விட்டுப்போகும்போது அவரையும் ஒரு பார்வை பார்ப்பாள், போட்டுக்காரர் என்ஜினைப் பார்க்கிற மாதிரி.

“தேறுதா சார்?”

“தேறும்.”

“பாத்துக்கங்க. குடுத்துட்டீக, நட்டப்பட்டுறாதீக.”

ஞாயிற்றுக்கிழமைகளிலும் போன் வரும். பூசை முடிந்து வந்து, பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று தகவல் சொல்வாள். ஒருமுறை கமுதிக்குக் கிளம்பிப் பரமக்குடி தாண்டிய பஸ்ஸில் அந்தப் போன் வந்தது. பிள்ளைக்குச் சமன்பாட்டில் சந்தேகமாம். மிளகாய்க்காடுகளுக்கு நடுவே பஸ் போய்க்கொண்டிருக்க, கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று கத்த, பாண்டித்துரை எக்ஸ் மதிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் போய், தேர்வு போய், மே மாதம் முடிவு வந்தது. அலுவலகக் கணினிக்கு முன்னால் மகேஸ்வரி உட்கார்ந்திருந்தார், பின்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பாண்டித்துரையும் ஹெலனும். பக்கம் திறக்க மறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்ததும் மகேஸ்வரி நேராகப் பிரெசில்லாவின் எண்ணைத்தான் தட்டினார். தமிழ் ஐம்பத்திரண்டு. கணக்கு முப்பத்தேழு. அறிவியல் நாற்பது. சமூக அறிவியல் நாற்பத்து மூன்று. ஆங்கிலம் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

ஒன்பது எடுத்தவள் கணக்கில் முப்பத்தேழு எடுத்திருக்கிறாள் என்பதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அதற்கு அங்கே விலை இல்லை.

“ஒங்க சரக்கு வித்துருச்சு சார். எஞ்சரக்குத்தான் தேங்கிப்போச்சு” என்றார் ஹெலன், மெதுவாக.

மகேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே, விளக்கக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்தால் போதும் சார் என்றார். பிளக்ஸ்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லாததுதான் பாண்டித்துரைக்குப் பொறுக்கவில்லை. வெளியே நிழலில் அந்தக் கைக்குழந்தைக்காரி நின்றுகொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் போனை எடுப்பதற்குள் பாம்பனிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மிக்கேலம்மாளுக்கு முடிவு தெரிந்திருந்தது. அழுகையையோ வசவையோ எதிர்பார்த்து நின்றார்.

“நாலு போயி ஒண்ணு நிக்குது சார்.”

“ஆமாம்மா. ஜூலைல மறுதேர்வு இருக்கு.”

“அப்ப ஜூலை வரைக்கும் நீங்க இங்கனதான இருப்பீக?”

மே மாதக் கலந்தாய்வுக்கு அவர் மனு எழுதி வைத்திருந்தார். அபிராமம், கமுதிக்குப் பக்கம். சட்டைப் பையில்தான் இருந்தது.

“இங்கனதான்” என்றார்.

“புள்ளய நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

தேர்ச்சி விவரத்தை வாசல் பலகையில் எழுதுவதும் உதவித் தலைமை ஆசிரியரின் வேலைதான். வழக்கமாக ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டுக் கலர் சாக்கில் பூ வரைந்து எழுதவைப்பார்கள். அன்று யாரும் கூப்பிடவில்லை. பாண்டித்துரை ஒரு வெள்ளைச் சாக்கை எடுத்துக்கொண்டு போய், வெயிலில் நின்று, பழைய எழுத்தைக் கையாலேயே அழித்துவிட்டு எழுதினார்.

தேர்வு எழுதியவர்கள் நூற்றுப் பதினான்கு.

தேர்ச்சி பெற்றவர்கள் நூற்றுப் பதின்மூன்று.

பாக்கி ஒன்று.